மூண்டு வயசு மட்டும் கதைக்கேல்லை

"பிள்ளை மூண்டு வயசு மட்டும் கதைக்கேல்லை" என்றார் அம்மா.

எனக்கு ஓட்டிசம் (ஆட்டிசம்) இருக்கிறதா என்று பார்க்கிற மதிப்பீட்டில், என் சின்ன வயதைப் பற்றி அம்மாவிடம் கேட்கிற நேரம். மேசை நடுவில் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். அதற்குள் மொழிபெயர்ப்பாளர். குரலை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டுக்காரர், மரியாதையான மனிசன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: மூன்று வயதில் மட்டும் இந்தக் குழந்தை கதை சொல்லவில்லை. எதிரே இருந்த உளவியலாளர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

மூன்று வயதில் கதை சொல்லாத பிள்ளை! அப்படிப் பார்த்தால் உலகத்தில் பாதிப்பேருக்கு ஓட்டிசம்தான்.

அது அம்மாவின் நேரம், நான் இடையில் புகக்கூடாது என்று முதலே சொல்லியிருந்தார்கள். ஆனால் பிழையான சொல் ஒன்று தாளில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு ஏலாது. கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஊருகிற மாதிரி இருக்கும். "கதைக்கிறது எண்டா எங்கடை ஊரிலை பேசுறது. மட்டும் எண்டா வரைக்கும்" என்றேன் தொலைபேசியைப் பார்த்து. பிறகு அதையே ஆங்கிலத்தில் உளவியலாளரிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேட்டார். உளவியலாளர் எழுதியதை வெட்டினார். வெட்டிவிட்டு, நான் இடைமறித்ததையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அது என் கண்ணில் பட்டது.

எனக்கு 38 வயது. அம்மா யாழ்ப்பாணம். 83 ஜூலைக்கு அடுத்த வருடம் லண்டன் வந்தவர். அப்பா ஜமேக்காவில் பிறந்தவர். 1964இல், ஒன்பது வயதில், பிரிக்ஸ்டனில் வேலை செய்துகொண்டிருந்த தாய் தகப்பனிடம் வந்து சேர்ந்தவர். இரண்டு பேரும் எப்படிச் சந்தித்தார்கள், யார் யாருடன் எத்தனை வருடம் கதைக்காமல் இருந்தார்கள் என்பதெல்லாம் வேறு கதை. தோலும் தலைமயிரும் எனக்கு அப்பாவுடையது. தெருவில் நான் ஒரு கறுப்புப் பெண், அவ்வளவுதான். ரூட்டிங் தமிழ்க் கடையில் வாயைத் திறந்து "அண்ணை, முருங்கைக்காய் இல்லையோ" என்று கேட்டால் வரிசையில் நிற்கிற ஆச்சிமார் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

விண்ணப்பப் படிவங்களுக்கும் என்னைத் தெரியாது. இங்கிலாந்தில் இனம் கேட்கிற படிவத்தில் 'கலப்பு' என்று ஒரு பகுதி இருக்கும். வெள்ளையும் கறுப்புக் கரீபியனும், வெள்ளையும் கறுப்பு ஆபிரிக்கரும், வெள்ளையும் ஆசியரும். மூன்றிலும் வெள்ளை. வெள்ளை இல்லாமல் கலந்தவர்கள் கடைசிப் பெட்டியில் 'வேறு ஏதாவது' என்று புள்ளடி போடவேண்டும். சில நாள் போடுவேன். சில நாள் 'கறுப்பு' என்று மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு எது நடந்தாலும் அதற்கு ஒரு காரணம் முதலே தயாராக இருந்தது. மூன்று வயது வரை கதைக்கவில்லையா? வீட்டில் இரண்டு மொழி, பிள்ளை குழம்பிப்போயிருக்கு என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நேர்ஸ் சொன்னார். பிறந்தநாள் வீட்டில் மேசைக்கடியில் போய் இருந்தேனா? அம்மாவின் சொந்தக்காரர் "தேப்பன்ரை பக்கத்துக் குணம்" என்றார்கள். ஒரு சாமத்திய வீட்டில், எனக்குக் கேட்காது என்று நினைத்து, "காப்பிலிப் பிள்ளை தானே" என்று, கறுப்பரை இழிக்கிற அந்தச் சொல்லை வைத்து, ஒரு மாமி சொன்னது இன்றைக்கும் அந்த மண்டபத்துக் கதிரை இழுபடுகிற சத்தத்தோடு சேர்த்து ஞாபகம் இருக்கிறது. பிரிக்ஸ்டனில் அப்பாவின் ஆட்கள் அதே குணத்தைப் பார்த்து "அது இந்தியப் பக்கம், அவர்கள் அமைதியான ஆட்கள்" என்றார்கள். நாங்கள் இந்தியர் இல்லை என்று நான் எத்தனை தடவை விளக்கினாலும் அது ஏறாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் தங்கை எனக்குத் தலை பின்னுவார். அம்மாவுக்கு என் தலைமயிரோடு மல்லுக்கட்டத் தெரியாது, எண்ணெய் வைத்து இரட்டைப்பின்னல் போடுகிற தலை இல்லை இது. அன்ரி கதிரையில் இருப்பார். நான் கீழே, அவருடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில். சீப்பின் வால்முனையால் மண்டையில் கோடு இழுத்துப் பிரிப்பார். அந்தக் கோடு எனக்கு உச்சியிலிருந்து பல்லு வரைக்கும் இறங்கும். மற்றப் பிள்ளைகளும் அழுவார்கள்தான். கறுப்பு வீடுகளில் 'டெண்டர் ஹெடட்' என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, சீப்புப் பட்டால் அலறுகிற தலை. ஆனால் அவர்கள் அழுதுவிட்டு ரீவி பார்ப்பார்கள். நான் பின்னி முடிந்து மூன்று நாளைக்குத் தலையணையில் தலை வைக்கமாட்டேன், சுவரில் சாய்ந்து நித்திரை கொள்வேன். டெண்டர் ஹெடட் என்று பெயர் வைத்தாகிவிட்டதால் அதற்குமேல் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

கண் பார்க்கிற விஷயத்தில் இரண்டு வீட்டிலும் இரண்டு சட்டம். அம்மம்மாவின் வீட்டில் பெரியாக்கள் ஏசும்போது நிமிர்ந்து பார்க்கக்கூடாது. அன்ரியின் வீட்டில் "நான் கதைக்கேக்கை என்னைப் பார்" என்பார். பார்த்தால் "என்னை அப்படிப் பார்க்காதே" என்பார். ஏழு வயதில் கொப்பியில் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். எந்த வீடு, யார், எத்தனை எண்ணும் வரை பார்க்கலாம். அன்ரிக்கு மூன்று. கடைசியில் கண்ணைப் பார்க்காமல் இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார்த்தால் எல்லாருக்கும் பொருந்துகிறது என்று கண்டுபிடித்தேன். இன்றைக்கும் அங்கேதான் பார்க்கிறேன். என் கண்களில் நேர்மை தெரிகிறது என்று ஒரு நேர்முகத்தேர்வில் சொன்னார்கள்.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருந்தது என்றால் அது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. 247 எழுத்தும் ஒரு கட்டத்துக்குள். குறுக்கே போனாலும் நெடுக்கே போனாலும் அடுத்தது என்ன என்று தெரியும். அந்தக் கட்டத்தை நான் நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன், ஒருவரும் சொல்லாமல், இரவில் போர்வைக்குள் டோர்ச் லைட் வைத்துக்கொண்டு. "என்ன கெட்டிக்காரி, எவ்வளவு தமிழ்ப்பற்று" என்றார் ஆசிரியர். பற்றும் இருந்ததுதான். ஆனால் அந்தக் கட்டம் இல்லாமல் எனக்கு அப்போது மூச்சு வந்திருக்காது.

இனி வளர்ந்த பிறகு. நான் ஒரு அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுகிற வேலை செய்கிறேன். நன்றாகச் செய்கிறேன். ஒரு தடவை இன்னொரு பிரிவுக்கு ஈமெயில் அனுப்பினேன்: ஒன்று, திகதி பிழை. இரண்டு, தொகை பிழை. மூன்று, சரியான தொகை இது. நான்கு, வெள்ளிக்கு முன் திருத்தவும். மனேஜர் கூப்பிட்டு, தொனி ஆக்ரோஷமாக இருக்கிறது, ஆட்கள் பயப்படுகிறார்கள் என்றார். எனக்குப் பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரர் "பிழை. திருத்து." என்று மட்டும்தான் அனுப்புவார். அவரை நேரடியான மனிதர் என்பார்கள். அன்றிலிருந்து நான் ஒவ்வொரு ஈமெயிலுக்கும் முன்னால் வார இறுதி எப்படிப் போனது என்று கேட்டு, பின்னால் ஒரு சிரிப்புமுகம் போடுகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு நாளைக்கு ஐம்பது நிமிடம் அதற்கே போகிறது.

வீட்டுக்கு வந்தால் சப்பாத்தோடு ஹோலில் தரையில் படுத்துக் கிடப்பேன். இருட்டில். இதற்கு மனச்சோர்வு என்று மாத்திரை தந்தார்கள், பிறகு பதற்றம் என்று ஆறு வாரம் கவுன்சிலிங். மாத்திரை ஒன்றும் கெட்டதில்லை. ஆனால் ஏன் என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

2022இல் சித்தி ஒரு கடிதத்தோடு வந்தார். அவருடைய பேரனைப் பற்றிப் பள்ளிக்கூடம் அனுப்பியது, தமிழில் சொல்லு பிள்ளை என்றார். சமையலறையில் இருந்து வரி வரியாகச் சொல்லிக்கொண்டு போனேன். எதிர்பாராத மாற்றம் வந்தால் தாங்கமாட்டான். சில சத்தங்கள் அவனுக்கு வலிக்கும். சொல்வதை அப்படியே நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்வான். இரண்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "சித்தி, இதிலை என்ன பிரச்சினை? எல்லாரும் இப்பிடித்தானே" என்று கேட்டேன். சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் இல்லை, பிள்ளை" என்றார்.

கடிதத்தில் ஓட்டிசம் என்று இருந்தது. தமிழில் அதற்கு மதியிறுக்கம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. மதி இறுகியா கிடக்கிறது? என்னுடையது நாலு பக்கமும் திறந்து கிடப்பதுதான் தொல்லையே. நான் ஓட்டிசம் என்றே எழுதுகிறேன். ஆட்டிசம் என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

அன்றிரவே வாசிக்கத் தொடங்கிவிட்டேன். 1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஓட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் 11 பிள்ளைகள், 8 ஆண், 3 பெண். அதற்குப் பிறகு வந்தவர்களும் பெரும்பாலும் பெடியங்களைப் பார்த்தே அறிகுறிகளைத் தொகுத்திருக்கிறார்கள். 2002இல் வந்த ஒரு பிலடெல்பியா ஆய்வில், அரச மருத்துவ உதவி பெறும் வெள்ளைப் பிள்ளைகளுக்கு சராசரி 6.3 வயதில் ஓட்டிசம் என்று சொல்லப்பட்டிருக்கிறது, கறுப்புப் பிள்ளைகளுக்கு 7.9 வயதில். 2020ஆம் ஆண்டு அமெரிக்கத் தரவில்தான் முதல்தடவையாகக் கறுப்புப் பிள்ளைகளின் எண்ணிக்கை விகிதம் வெள்ளைப் பிள்ளைகளைத் தாண்டியது. திடீரென்று பெருகிவிடவில்லை, இப்போதுதான் ஆட்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

ஓட்டிசத்தை மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒளித்து நடப்பதை அளக்க 25 கேள்விகள் உள்ள ஒரு தாளும் இருக்கிறது, 2018இல் வந்தது. மற்றவர்களின் முகபாவனையைப் பார்த்துப் பழகுவீர்களா, இயல்பாகத் தெரிய உங்கள் உடம்பைக் கவனித்துக்கொண்டே இருப்பீர்களா, இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஆம் ஆம் என்று போட்டுக்கொண்டு போகும்போது பேனா நின்றுவிட்டது. இதில் எது ஓட்டிசம், எது ஒரு கறுப்புப் பெண் லண்டனில் வேலைக்குப் போகிறது? என் ஒன்றுவிட்ட சகோதரிகளும் ஒஃபீஸ் வாசலில் குரலை மாற்றுகிறவர்கள்தான், கையை ஆட்டாமல் கதைக்கிறவர்கள்தான். அவர்களிடம் கேட்டேன். "நாங்கள் ஒஃபீசில்தான் செய்வோம். நீ எங்களோடையும் செய்யிறாயே" என்று ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகுதான் ஜிபியிடம், அதாவது குடும்ப டொக்டரிடம், போக முடிவெடுத்தேன்.

பத்து நிமிடச் சந்திப்பு. இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், இடப்பக்கம் சின்ன வயது, வலப்பக்கம் இப்போது. டொக்டர் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். வேலை செய்கிறீர்கள், கண்ணைப் பார்த்துக் கதைக்கிறீர்கள் (புருவம், டொக்டர், புருவம்), தெளிவாகப் பேசுகிறீர்கள். பிறகு, மிகவும் அன்பாக, "உங்கள் கலாசாரத்தில் சில விஷயங்கள் வேறுமாதிரி இருக்கலாம் அல்லவா" என்றார். எந்தக் கலாசாரம் என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் முகம் மாறியது. இது அந்த ஈமெயில் மாதிரித்தான் முடியப்போகிறது என்று நினைத்து உடனே சிரித்தேன்.

ஆனாலும் பத்துக் கேள்வித் தாளைத் தந்தார். ஆறு எடுத்தால் மேலே அனுப்பவேண்டும். எட்டு எடுத்தேன். எட்டிலும் கூட வந்திருக்கும். 'ஒருவரின் பேச்சுக்குப் பின்னால் இருப்பதைப் புரிந்துகொள்வது எனக்கு எளிது' என்று ஒரு கேள்வி, அதற்கு எந்த மொழியில் என்று போடவில்லை. தமிழில் எனக்குத் தெரியும். "சாப்பிட்டியோ" என்றால் கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது ஒவ்வொன்றாகப் பாடமாக்கினது.

எங்கள் பகுதியின் காத்திருப்புப் பட்டியல் நாலு வருடம் என்று கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்கவேண்டும் என்பது இங்கே எழுதி வைத்திருக்கிற தரம். தனியாரிடம் விசாரித்தேன், 1,800 பவுண்ஸ். வைப்பில் அவ்வளவு இல்லை. பிறகுதான் 'ரைட் டு சூஸ்' பற்றி அறிந்தேன். இங்கிலாந்தில் ஜிபி ஊடாகப் போகிறவர்கள், என்.எச்.எஸ். என்கிற அரச சுகாதாரச் சேவையோடு ஒப்பந்தம் உள்ள வேறு சேவையைத் தாங்களே தெரிவுசெய்யலாம், காசு கட்டத்தேவையில்லை. இது ஒருவரும் வலிய வந்து சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும். கடிதத்தை நானே அடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். 11 மாதத்தில் கூப்பிட்டார்கள்.

அந்த 11 மாதமும் வீட்டில் ஒரு சண்டை. அன்ரி, "உன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லாதே" என்றார். சும்மா சொல்லவில்லை. இந்த நாட்டில் மனநலச் சட்டத்தின் கீழ் பிடித்து வைக்கப்படும் வீதம் கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் மேல். எனக்குமே ஒரு நாள் நிலக்கீழ் ரெயில் மேடையில் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு தரையில் இருந்தபோது, சீருடைக்காரர் இருவர் வந்து நின்றார்கள். பையைத் திறக்கவா வேண்டாமா என்று யோசித்தது மட்டும் ஞாபகம். கையை வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். ஓட்டிசம் உள்ளவர்கள் கார்ட் வைத்திருந்து காட்டலாம் என்பார்கள். கார்ட் எடுக்கக் கை பைக்குள் போகவேண்டுமே.

அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. அவர் சொல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவரை 1967இல், பன்னிரண்டு வயதில், 'கல்வியில் சராசரிக்குக் கீழ்' என்று எழுதி, அப்படி எழுதப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருந்த ஈ.எஸ்.என். பள்ளிக்கு மாற்றினார்கள். அவர் பேசிய ஜமேக்க ஆங்கிலம் ஆசிரியருக்கு விளங்கவில்லை, அதுதான் அவருடைய குறை. கரீபியன் பிள்ளைகளை அள்ளி அள்ளி அந்தப் பள்ளிகளில் போட்டதை கிரெனடாவைச் சேர்ந்த ஆசிரியர் பேர்னாட் கோர்ட் 1971இல் ஒரு சிறு நூலாக எழுதி வெளியே கொண்டுவந்தார். அந்த வகைப்பாட்டையே 1981 கல்விச் சட்டம்தான் இல்லாமல் செய்தது. அப்பா அதற்குள் பத்து வருடம் வேலை செய்துவிட்டார். அவருடைய மகள் இப்போது தானாகவே போய், என்னைப் பற்றி ஒரு தாளில் எழுதுங்கள் என்று கேட்கிறாள்.

மதிப்பீடு இரண்டு அமர்வு. முதலில் எனக்கு. சொற்கள் இல்லாத படப்புத்தகம் ஒன்றைத் தந்து கதை சொல்லச் சொன்னார்கள். பல்லு எப்படித் தீட்டுவது என்று, தெரியாத ஒருவருக்குச் சொல்வது மாதிரி, செய்துகாட்டச் சொன்னார்கள். பதினொரு படியாகச் சொன்னேன், குழாயை மூடுவது உட்பட. பிறகு அம்மாவின் நேரம்.

அம்மா வெள்ளைக்காரியை உபசரிக்கிற முகத்தோடு இருந்தார். "ஒரு பிரச்சினையும் இல்லை, நல்ல பிள்ளை, சொல்வழி கேக்கும்." விளையாட்டுச் சாமான்களோடு எப்படி விளையாடுவாள்? "விளையாடுறேல்லை, படிப்புத்தான்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெற்ற தாயே நல்லபெயர் வாங்கித் தந்து என்னைத் திருப்பி அனுப்பப்போகிறார்.

அப்போது, என்னைப் புகழ்கிற உற்சாகத்தில், அம்மா சொன்னார்: "எவ்வளவு பொறுப்பு தெரியுமோ? ஆரின்ரை வீட்டுக்கு விசேஷத்துக்குப் போனாலும் வாசலிலை நிண்டு செருப்புகளை அடுக்கும். அறுபது சோடி எண்டாலும் அடுக்கும். சின்னனிலையிருந்து பெரிசு மட்டும். ஆரும் ஒண்டை எடுத்துக்கொண்டு போனா அழுது, முழுக்கத் திருப்பி அடுக்கும். சாப்பிடக்கூட உள்ளை வராது."

இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சொன்னார், 'மட்டும்' உட்பட.

உளவியலாளர் பேனாவை வைத்துவிட்டு, எத்தனை வயதில் என்று கேட்டார். "நாலு, அஞ்சு. ஏன், பதினைஞ்சு வயசிலையும்தான்" என்றார் அம்மா பெருமையோடு. இரண்டு மாதத்துக்கு முன் மச்சாளின் வீட்டிலும் அடுக்கினேன் என்பதை நான் சேர்த்துச் சொன்னேன். இந்த முறை இடைமறித்ததற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அறிக்கை ஐந்து வாரத்தில் வந்தது. 14 பக்கம். ஓட்டிசம் என்று ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. இனம் என்ற இடத்தில் 'வெள்ளையும் ஆசியரும்' என்று விழுந்திருந்தது. திருத்தச் சொல்லி ஈமெயில் போட்டேன். வார இறுதி எப்படிப் போனது என்று கேட்கவில்லை. ஒன்று, இனம் பிழை. இரண்டு, சரியானது இது. திருத்தி அனுப்பினார்கள்.

திருத்தியதை எடுத்துக்கொண்டு பிரிக்ஸ்டன் போனேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 14 பக்கத்தையும் வாசித்தார். ஒரு மணித்தியாலம் எடுத்தது. நான் யன்னல் பக்கம் இருந்து பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வாசித்து முடிந்து, "இது யாரிடமெல்லாம் இருக்கிறது?" என்று கேட்டார். ஜிபி, நான், அவ்வளவுதான் என்றேன். வேலையிடத்துக்குக் கொடுப்பதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை என்றும் சொன்னேன்.

எழும்பிப் போய் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த பிஸ்கட் ரின்னை எடுத்தார். 1971இலிருந்து அவர் வாங்கிய ஒவ்வொரு சம்பளச் சிட்டையும் அதிலும் அதற்குப் பக்கத்தில் உள்ள மற்ற மூன்று ரின்களிலும் இருக்கிறது. இந்த மனிசனுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று நாங்கள் சிரித்ததுண்டு. அவரைப்போல் கரீபியனிலிருந்து சின்ன வயதில் வந்த அவருடைய வயதுக்காரர், அவரோடு ஒரே வீதியில் வளர்ந்தவர்கள், இந்த நாட்டில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்று அரசாங்கத்தால் துரத்தப்பட்டது 2018இல் வெளியே வந்தபோது சிரிப்பை நிறுத்திக்கொண்டோம். அப்பா நாலு ரின்னையும் தூக்கிக்கொண்டு போய் அதிகாரியின் மேசையில் வைத்துக் காட்டிவிட்டு வந்தவர்.

ரின்னைத் திறந்தார். சிட்டைகள் வருட வாரியாக, மாத வாரியாக, மூலை மடியாமல் அடுக்கியிருந்தது. 1987க்குரிய இடத்தில், என் பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பின்னால், அறிக்கையைச் செருகிப் பார்த்தார். தடிப்பாக இருந்தது. திருப்பி எடுத்தார்.

"போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு வா," என்றார். "இரண்டு பக்கமாக எடு, மெல்லிசாக இருக்கும். மூலப்பிரதியை ஒருத்தருக்கும் கொடுக்காதே."